வெள்ளிக்கிழமை பத்து இருபது

‘பட்டப்பகலில் எமர்ஜென்சி லைட் எடுக்கப் போனதாகச் சொல்கிறார். பொய் சொல்லவும் ஒரு நேர்த்தி வேண்டும்.’

இது நான் எழுதிய வரி. அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், ரொம்ப நன்றாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுதியது. செவ்வாய்க்கிழமை காலை ஜெயஷீலா டீச்சர் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு என் மேஜையில் போட்டபோது, பாராட்டத்தான் போகிறார் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். என் புத்தி அப்படி.

டீச்சர் நாசரேத்துக்காரர். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திவிட்டு, மில்லர்புரத்தில் ஒரு மாடியறையில் துப்பறியும் அலுவலகம் போட்டவர். கம்ப்யூட்டருக்குள் நடக்கும் களவுதான் எங்கள் பிழைப்பு. நான் சுடலைராஜ், விளாத்திகுளம். அவருடைய ஒரே உதவியாளன். வேலையைவிட வாய் கொஞ்சம் நீளம்.

“நேத்து ஜெஸ்லின் போன்ல பேசுச்சு” என்றார் டீச்சர்.

“என்னையத் திட்டியிருக்குமே.”

“திட்டல. அழவும் இல்ல. ஷார்ஜாவுல வேலை கிடைச்சிருக்காம். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அபுல் ஹஸன் காக்காகிட்ட இருந்து நன்னடத்தை லெட்டர் அனுப்பணும். காக்கா தரமாட்டேங்குதாரு. நம்ம ரிப்போர்ட்டக் காட்டி முடியாதுன்னுட்டாராம்.”

கதை இதுதான். காக்கா என்றால் காயல்பட்டினத்தில் அண்ணன். அபுல் ஹஸன் காக்காவுக்குக் கடற்கரைச் சாலையில் தோணி ஏஜென்ஸி. மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப் போகும் மரத்தோணிகளுக்கு அவர்தான் எல்லாம். போன வாரம் ஒரு தோணி பெருங்காற்றில் மாட்டித் திரும்பி வந்தது. அதில் ஒரு ஆளுக்குக் கால் முறிந்துவிட்டது. காற்று எச்சரிக்கை தனக்கு வரவே இல்லை என்று தோணியை ஓட்டிப்போன தண்டல் சத்தியம் செய்தார். ஆபீஸ் சர்வரில் பார்த்தால், திங்கட்கிழமை மாலை ஐந்து பத்துக்கு எச்சரிக்கை அனுப்பியதாக ஒரு வரி இருந்தது. அனுப்ப வேண்டியவள் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெஸ்லின். அனுப்ப மறந்துவிட்டு, பிரச்சினை வந்தபிறகு அந்த வரியைச் செருகினாளா என்று கண்டுபிடிக்கத்தான் காக்கா எங்களைக் கூப்பிட்டார்.

செருகினாள் என்று எழுதிக் கொடுத்தோம். சனிக்கிழமையே அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்.

எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், அந்தச் சர்வர் ஒரு வி.எம். கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். உள்ளே இருப்பதற்குத் தனக்கென ஒரு முழு ஹார்ட் டிஸ்க் இருப்பதாக நினைப்பு. வெளியே இருந்து பார்த்தால் அது ஒரே ஒரு பெரிய ஃபைல். லினக்ஸ் தெரிந்த எவனும் ஒரு கட்டளையில் அந்த ஃபைலை ஒரு ஃபோல்டரில் மவுண்ட் செய்து, அதாவது பெட்டியைத் திறந்து வைத்த மாதிரி விரித்து, உள்ளே போய் எந்த வரியையும் மாற்றிவிட்டு வெளியே வந்துவிடலாம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. தூங்குகிறவன் சட்டைப்பையில் சீட்டு வைப்பது மாதிரி.

ஆனால் அந்த டிஸ்க் கடைசியாக எப்போது மவுண்ட் ஆனது என்பதை மட்டும் தன் தலைப்பில், நோட்டின் முதல் பக்கம் மாதிரியான ஓர் இடத்தில், குறித்துக்கொள்ளும். காக்கா வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கே எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். டிஸ்க்கின் தலைப்போ வெள்ளிக்கிழமை பத்து இருபது என்றது. சாவி நோட்டில் வெள்ளி காலை பத்தேகாலுக்கு சர்வர் ரூம் சாவியை வாங்கியிருப்பது ஜெஸ்லின். பத்தரைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். காரணம் என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்ததுதான் அந்த எமர்ஜென்சி லைட்.

“ஏல சுடல, பட்டப்பகல்ல ஒரு பிள்ளைக்கு எமர்ஜென்சி லைட் எதுக்கு?”

“அதான் டீச்சர். பொய்.”

“பொய்யின்னா ஏ.சி.ய அணைக்கப் போனேன்னு எழுதிருப்பா. கேபிள் எடுக்கப் போனேன்னு எழுதிருப்பா. இம்புட்டு கேனத்தனமான காரணத்த எவளாவது உக்காந்து யோசிப்பாளா?”

“கேனத்தனமா யோசிக்கவும் ஆள் உண்டு டீச்சர். மாசம் பொறந்தா நீங்களே ஒருத்தனுக்குச் சம்பளம் குடுக்கீங்கல்லா.”

டீச்சர் சிரிக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

காக்கா ஆபீஸுக்குப் பக்கத்தில் இசக்கியப்பன் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடை. டீச்சர் நேராக அங்கேதான் வண்டியை நிறுத்தினார். எனக்குக் காரணம் புரியவில்லை. புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

“அண்ணாச்சி, போன வெள்ளிக்கிழம காலைல கடைக்கு வந்தீங்களா?”

“வந்தேன், வந்து ஈதான் ஓட்டுனேன். ஒம்போது மணில இருந்து ரெண்டு வரைக்கும் இங்கன கரண்டே கிடையாதே. மாசாந்திர வேலைன்னு முந்தின நாளே மெசேஜ் வந்துட்டுல்லா.” போனை எடுத்துக் காட்டினார். கடைக்காரர்கள் குரூப்பில் அந்தச் செய்தி இருந்தது. கடற்கரைச் சாலை, ஒன்பது முதல் இரண்டு.

“பக்கத்து ஆபீஸ்ல ஜெனரேட்டர் ஓடியிருக்குமோ?”

“காக்கா ஜெனரேட்டர் வாங்குத ஆளா? யு.பி.எஸ். பேட்டரி போயே ரெண்டு மாசமாவுது, அதையே மாத்தக் காணோம். பாவம், ரிக்கார்டு ரூம்ல ஜன்னல்கூட கிடையாது. மத்தவங்க வெள்ளிக்கிழம தொழுகைக்கு அப்புறந்தானே வருவாங்க. அந்தப் பிள்ள ஜெஸ்லின் மட்டும் கையில லைட்டோட இங்கன வந்து, ‘அண்ணாச்சி, கரண்ட் எப்ப வரும்’னு கேட்டுட்டு நின்னுச்சு.”

டீச்சர் என்னைப் பார்த்தார்.

“சரி டீச்சர், லைட் நெசம்” என்றேன். “அப்போ கரண்டே இல்லாம டிஸ்க்க மவுண்ட் பண்ணது யாரு? பேயா? சுடலைமாடன் செஞ்சாலும் பிளக் வேணுமே.”

சொல்லி முடிப்பதற்குள் நான் மறைத்த ஒன்று நினைவுக்கு வந்தது. அதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இதுவரை சொல்லாமல் எழுதிக்கொண்டு வந்ததே தப்பு.

டிஸ்க்கைக் காப்பி எடுக்க வெள்ளிக்கிழமை காக்கா ஆபீஸுக்குப் போனவன் நான். ஜும்ஆ தொழுகை முடிந்து ஆபீஸ் திறக்கட்டும் என்று மத்தியானத்துக்கு மேல் போனேன். எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒரிஜினலைத் திறக்கக் கூடாது. முதலில் காப்பி, பிறகு காப்பியில்தான் வேலை. எங்கள் பென்டிரைவைச் செருகி அந்த மெஷினை எழுப்பினேன். ஜெஸ்லின் பக்கத்தில் நின்றாள். “அந்த ஃபைலுக்குள்ள எப்படிண்ணே போவீங்க?” என்று கேட்டாள். தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள். நான் வித்தை காட்டினேன். ஒரிஜினலையே மவுண்ட் செய்து, உள்ளே ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் கண்ணை விரித்துப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

படிக்க மட்டும் என்று கட்டளையில் இரண்டெழுத்து சேர்த்து அடித்தால், உள்ளே போய் வந்ததற்கு ஒரு குறிப்பும் விழாது. அடித்துவிட்டேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை டீச்சர் போனில், “ஒரிஜினலத் திறந்தியா?” என்று கேட்டார். வழக்கமான கேள்வி என்று நினைத்து, “தொடவே இல்ல டீச்சர்” என்றேன். என்ன குடி முழுகிவிடப் போகிறது, அதுதான் குறிப்பே விழாதே என்று நினைத்தேன். அதோடு தலைப்பில் இருந்தது காலை பத்து இருபது. அப்போது நான் வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தேன். பிறகு என்ன?

பக்கத்து ஆபீஸுக்குள் போனதும் காக்கா எங்களை உட்காரச் சொன்னார். காயல்பட்டினத்துக்காரர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. டீச்சர் சாவி நோட்டை மட்டும் கேட்டார்.

“இன்னும் என்ன டீச்சர்? முடிஞ்ச கதைதானே” என்றார் காக்கா. “உங்க ரிப்போர்ட்ட ஸ்டாஃப் எல்லாரையும் கூப்புட்டு வெச்சு நானே வாசிச்சேன். அந்த எமர்ஜென்சி லைட் வரி வந்ததும் எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அந்தப் புள்ளயும் அங்கதான் நின்னுச்சு.”

எனக்குக் காது சுட்டது. எழுதும்போது அந்த வரி வாசிக்கப்படும் இடத்தில் அவள் நிற்பாள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

டீச்சர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “தலைப்புல இருந்த நேரத்த நீ எதுல படிச்ச?”

“நம்ம பென்டிரைவ்ல இருக்க லினக்ஸ்லதான்.”

“அதுல நேரம் எந்த ஊர் நேரம்?”

எந்த மெஷினில் செருகினாலும் ஓடட்டும் என்று நான்தான் அந்தப் பென்டிரைவைத் தயார் செய்தேன். ஊர் எது என்று அது கேட்டபோது, அலுப்பில் ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிட்டேன். சொல்லாவிட்டால் அது கிரீன்விச் நேரத்தைக் காட்டும். நம்முடைய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்.

“பத்து இருபதோட அஞ்சரையக் கூட்டு” என்றார் டீச்சர், வகுப்பில் கேட்கிற குரலில்.

“மூணு ஐம்பது.”

“சாயங்காலம் மூணு ஐம்பது. கரண்ட் வந்து கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறம்.” நோட்டில் விரலை ஓட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. வாசிக்காமல் நோட்டை என் பக்கம் திருப்பினார்.

‘3.40. சுடலைராஜ். காப்பி எடுக்க.’ என் கையெழுத்து. அழகாக வேறு போட்டிருந்தேன்.

“டீச்சர், நான் படிக்க மட்டும்னுதான்…” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த வார்த்தையிலேயே, திறந்தேன் என்பதை ஒப்புக்கொண்டாகிவிட்டது.

டீச்சர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, காப்பியின் தலைப்பை முழுசாகத் திரையில் கொண்டுவந்தார். அறிக்கைக்கு நான் அதிலிருந்து நேரம் இருக்கும் ஒரே ஒரு வரியைத்தான் பொறுக்கியிருந்தேன். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி இருந்தது. கடைசியாக எந்த ஃபோல்டரில் மவுண்ட் ஆனது என்ற வரி. எழுதுகிற மாதிரி திறந்தால்தான் அது பதியும். படிக்க மட்டும் என்று திறந்தால் பதியாது. அந்த ஃபோல்டரின் பெயர், ‘சுடலை’.

திருடப் போன இடத்தில் விசிட்டிங் கார்டை வைத்துவிட்டு வந்த முட்டாளைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

காக்காவுக்கு விஷயத்தை டீச்சரே சொன்னார். என்னைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு சொல்கூட அதில் இல்லை. காக்கா நோட்டை இழுத்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்.

“அப்போ அந்தப் புள்ள செய்யலன்னு மெஷின்ல பாத்து உறுதியாச் சொல்லுங்க. லெட்டர் தந்துர்றேன்.”

“சொல்ல முடியாது காக்கா. டிஸ்க் கடைசித் தடவைய மட்டுந்தான் குறிச்சு வைக்கும். அதுக்கு முந்தி யாரும் வெளிய இருந்து தொடலன்னு சொல்ற குறிப்பு அங்கதான் இருந்திருக்கும். அது மேலதான் இவன் எழுதிட்டான். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அது.”

“தண்டல் என்ன சொல்லுதாரு?” என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

காக்கா தலையைக் குனிந்துகொண்டார். “நேத்துதான் சொன்னாரு. திங்கக்கிழம மத்தியானமே மாலத்தீவு சிம்ம மாத்திப் போட்டுட்டாராம். நம்ம மெசேஜ் பழைய நம்பருக்குப் போயிருந்தா அவருக்கு எப்படித் தெரியும்?”

“நேத்தே தெரியுமா உங்களுக்கு?” என்றார் டீச்சர்.

“தெரியும். கம்ப்யூட்டரே சொல்லுதுன்னு நீங்க எழுதிக் குடுத்திருந்தீங்களே. மனுஷன் சொல்றத விட்டுட்டு அதத்தான் நம்புனேன்.” பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. கோபம் இல்லை. “தம்பி, அந்தப் புள்ள வெள்ளிக்கிழம சாயங்காலமே எங்கிட்ட வந்து சொன்னுச்சு. ‘காக்கா, அவரு ஃபைலத் தொறந்து உள்ள போய்க் காட்டுனாரு, அப்படிச் செய்யலாமா’ன்னு கேட்டுச்சு. நான் டீச்சருக்குப் போன் போட்டேன். டீச்சர் உங்ககிட்ட கேட்டாங்க. நீங்க தொடவே இல்லன்னீங்க. அப்போ இவதான் பயந்துபோய்ப் பழிய அடுத்தவன் மேல போடுறான்னு நெனச்சேன். அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன்.”

டீச்சர் அந்தச் சனிக்கிழமை கேட்டது வழக்கமான கேள்வி இல்லை. ஒரு பெண்ணுடைய வேலை அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தொடவே இல்லை என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

“ஏன் டீச்சர், யார் கேட்டான்னு எங்கிட்ட சொல்லிருக்கலாமே” என்றேன்.

“சொல்லிருந்தா மட்டும் நெசத்தச் சொல்லிருப்பியா?”

எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

“உன்ன நம்பினேன்” என்றார். “அவள ஒரு வார்த்த கேக்கல. அந்த வெக்கம் எனக்கு.”

மெஷின் சாட்சி சொல்லாது என்றான பிறகு மிச்சம் இருந்தது நான்தான். காக்கா ஒரு தாளை நகர்த்தினார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதைத் தன் கடிதத்தோடு சேர்த்து ஷார்ஜாவுக்கு அனுப்பலாம் என்றார். இப்படி ஒரு தாள் வெளியே போனால் துப்பறியும் தொழிலில் என்னை இனி ஒரு நாய்கூடச் சீண்டாது. டீச்சரையும் சேர்த்துத்தான். அவரைப் பார்த்தேன். பேனாவை நீட்டினார்.

ஆங்கிலத்தில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதும்போது செய்த தப்பு கொஞ்சம் சட்டை போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. ‘இன்அட்வர்டன்ட்’ என்று ஒரு சொல்லை எங்கிருந்தோ பிடித்து வந்து முதல் வரியிலேயே உட்காரவைத்தேன். கவனக்குறைவாக ஒரிஜினலைத் திறந்துவிட்டேன், நேரத்தைத் தவறாகப் படித்துவிட்டேன், அதனால் செல்வி ஜெஸ்லின் மீது தவறான முடிவு எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்டதாம். எடுத்தவன் யாரோ மாதிரி.

காக்கா ஆள் அனுப்பி ஜெஸ்லினை வரச் சொன்னார். வரும்போது மணி நாலேகால். உள்ளே வந்தவள் உட்காரவில்லை. வேலை செய்த ஆபீஸில் விருந்தாளி நாற்காலியில் உட்கார அவளுக்கு மனசில்லை போல. காக்கா நடந்ததைச் சொல்ல, தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள்.

“அண்ணே” என்றாள். அந்த அண்ணேயை அவள் இன்னும் விடவில்லை. “தொறந்தது கவனக்குறைவு. சரி. நேரத்த மாத்திப் படிச்சதும் கவனக்குறைவு. டீச்சர் கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களாமே. அது இதுல இல்லையே.”

“அது வந்து… சட்டத்த மீறிட்டோமேன்னு ஒரு பயம்மா.”

“பயம்னு எனக்குப் புரியுது. ஷார்ஜாவுல இத வாசிக்கிறவனுக்குப் பக்கத்துல நின்னு நான் வெளக்க முடியாது. நான் சொன்னத அன்னைக்கு யாருமே ஏன் நம்பலன்னுதான் அவன் கேப்பான். அதுக்குப் பதில் இதுல வேணும்.”

தாளை மேஜையில் வைத்து, கையெழுத்துக்கு மேல் இருந்த வெற்றிடத்தில் விரலை ஊன்றினாள். அவ்வளவு இடம் போதும் என்று காட்டுகிற மாதிரி.

வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பித்துவிடலாமா என்று அந்த நேரத்திலும் என் வாய் தேடியது. ஒன்றும் வரவில்லை. எழுதினேன். ‘அவர் உண்மையைச் சொன்னார். என்னிடம் கேட்டபோது நான் பொய் சொன்னேன்.’ ஆங்கிலத்தில் அது ரொம்பச் சின்ன வரி. அதற்குக் கீழே டீச்சர் பேனாவை வாங்கி, ‘அவரை விசாரிக்காமலேயே நான் அந்தப் பொய்யை நம்பினேன்’ என்று எழுதித் தன் பெயரைப் போட்டார்.

ஜெஸ்லின் மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை ஒரே தடவைதான். போனில் படம் எடுத்து, காக்கா கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் படம் எடுத்து, அங்கேயே நின்று அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தாள். காக்காவுக்கு ஒரு சலாம், டீச்சருக்கு ஒரு தலையசைப்பு. வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பரவாயில்லண்ணே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.